நிலக்கரிப் பணத்தில் ஓர் இருக்கை: அபரிஸ்ட்வித் சர்வதேச அரசியல் துறையின் நூறாண்டு

ஐக்கிய நாடுகள் சபை எப்படி இயங்குகிறது, வல்லரசுகள் ஏன் மோதுகின்றன, பருவநிலை மாற்றத்துக்கும் கொள்ளைநோய்க்கும் நாடுகள் எப்படிச் சேர்ந்து விதி வகுக்கின்றன என்பவற்றுக்கெல்லாம் இன்று தனித்தாள் உண்டு, தேர்வு உண்டு, பட்டம் உண்டு. நம் மாணவர்கள் குடிமைப் பணித் தேர்வுக்கே இந்தப் பாடத்தைத் தேடி வந்து படிக்கிறார்கள். இதற்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கையும் ஒரு துறையும் முதன்முதலாக ஏற்பட்டது 1919இல். இடம் லண்டனும் அல்ல, ஆக்ஸ்போர்டும் அல்ல. வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், ரயில் பாதை கடலைக் கண்டு நின்றுவிடுகிற அபரிஸ்ட்வித் என்ற சிற்றூர். அதே 1919இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வெளியுறவுப் பணிக்கான பள்ளி ஒன்றும் தொடங்கியது. அது தூதரகத்துக்கும் வெளிநாட்டு வாணிபத்துக்கும் ஆள் தயாரிக்கப் பிறந்தது. போர் ஏன் வருகிறது என்று ஆராய்வதையே வேலையாகக் கொண்ட இருக்கை அபரிஸ்ட்வித்தில்தான் முதலில் வந்தது.

நம் துறையின் மலரில் அந்தக் கதையைச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. நாம் நடத்தும் பாடத்துக்கு அதுதான் தாய்வீடு. பணம் கொடுத்தவருக்கும் பாடம் நடத்தியவருக்கும் இடையே அங்கே மூண்ட சண்டை, இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

முதலில் கல்லூரியைப் பற்றி. கடற்கரையை ஒட்டி, கோபுரமும் வளைவுமாக நிற்கும் அதன் பழைய கட்டடம் கல்லூரிக்காகக் கட்டப்பட்டதே அல்ல. தாமஸ் சாவின் என்ற ரயில்வே ஒப்பந்தக்காரர், ரயிலில் வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி எழுப்பிய ஆடம்பர ஓட்டல் அது. வேலை முடிவதற்குள் அவர் கடனில் மூழ்கிவிட்டார். பாதியில் நின்ற அந்தக் கட்டடத்தை 10,000 பவுனுக்கு வாங்கி, 1872இல் வேல்ஸ் மக்கள் தங்கள் முதல் பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். முதல் அணியில் இருபத்தாறு மாணவர்கள். அரசு மானியம் எதுவும் வராத காலம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பல்கலைக்கழக ஞாயிறு என்று வைத்து, ஊர்தோறும் ஜெபக்கூடங்களில் தட்டேந்தினார்கள். சுரங்கத் தொழிலாளியும் பண்ணையாளும் போட்ட பென்னிகள் அந்தக் கல்லூரியை நிறுத்தி வைத்தன. பிடி அரிசி திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பென்னிகளுக்குப் பக்கத்தில் பெரும்பணமும் இருந்தது. டேவிட் டேவிஸ் என்பவர் மரம் அறுக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, ரயில் பாதை போட்டு, ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரி எடுத்து, அந்த நிலக்கரியை ஏற்றுமதி செய்ய பேரி என்ற இடத்தில் 1889இல் துறைமுகமே கட்டியவர். கல்லூரியை ஆரம்பத்திலிருந்து தாங்கியவர்களில் ஒருவர். அவருடைய பேரனுக்கும் டேவிட் டேவிஸ் என்றே பெயர். 1880இல் பிறந்த இந்தப் பேரன்தான் நம் கதைக்கு உரியவர். இருபத்தைந்து வயதில் லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். முதல் உலகப் போர் வந்ததும் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையின் 14ஆவது பட்டாலியனைத் திரட்டி, அதன் தளபதியாகப் பிரான்சுக்குப் போனார். பதுங்குகுழிகளில் அவர் கண்டது, தன் படையின் பையன்கள் செத்து விழுவதை. குவெண்டலின், மார்கரெட் என்று அவருக்கு இரண்டு தங்கைகள். திருமணம் செய்துகொள்ளாத இருவரும் பிரான்சில் ட்ருவா நகரத்தில் போர்வீரர்களுக்கு உணவுச்சாலை நடத்தினார்கள். மூவருமே போரைச் செய்தித்தாளில் படித்தவர்கள் அல்லர்.

போர் முடிந்த கையோடு அண்ணனும் தங்கைகளும் சேர்ந்து கல்லூரிக்கு 20,000 பவுன் கொடுக்க முன்வந்தார்கள். போரில் இறந்த மாணவர்களின் நினைவாகச் சிலை வேண்டாம், ஓர் இருக்கை வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சர்வதேச அரசியலுக்கான இருக்கை. லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேச சங்கம் உருவாகிக்கொண்டிருந்த சமயம் அது. அப்படி ஒரு சங்கம் எழுப்பும் சட்டம், அரசியல், பொருளாதாரம், அறம் ஆகிய கேள்விகளை ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தார்கள். சங்கத்தின் யோசனையை உலகுக்கு முன் எடுத்துச் சென்ற அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் அந்த இருக்கைக்கு வைக்கப்பட்டது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக ஊர் ஊராக நன்கொடை திரட்டியதைப் பார்த்தவர்கள் நாம். ஓர் இருக்கை என்றால் என்ன, அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆசை இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த ஆசையோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும். பணத்தைக் கொடுத்தவர், நாளைக்கு அங்கே உட்காருகிறவர் என்ன பேச வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாமா?

கேள்விக்குப் பதில் வர பதினேழு ஆண்டுகள் ஆயின. அதற்குள் போவதற்கு முன், 1919ஆம் ஆண்டை நம் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த ஏப்ரல் 11ஆம் தேதி பாரிசில், சங்கத்தின் சாசனத்தை எழுதிய குழுவில் ஜப்பான் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நாடுகள் சமம், அவற்றின் குடிமக்கள் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்ற கொள்கையைச் சாசனத்தின் முகப்பில் சேர்க்க வேண்டும் என்றது. பதினேழு பேரில் பதினொருவர் ஆதரித்தார்கள். தலைமை வகித்த வில்சன், ஒருமனதாக இல்லை என்று சொல்லி அதை நிறைவேறவிடவில்லை. இரண்டு நாள் கழித்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். அந்த ஆண்டே இந்தியா, தன்னைத் தானே ஆளாத நாடாக இருந்தும், சர்வதேச சங்கத்தின் மூல உறுப்பினராகக் கையெழுத்திட்டது. பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும் நமக்காகப் போட்ட கையெழுத்து அது. 1921இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஜெனீவாவுக்குப் போய் இந்தியாவின் பெயரால் பேசினார். அவரை அனுப்பியது பிரிட்டிஷ் இந்திய அரசு. வில்சன் பெயரைத் தாங்கிய இருக்கையின் வரலாற்றை எழுதும்போது இவற்றை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது. டேவிஸ் குடும்பத்தின் துயரம் உண்மையானது, அவர்கள் கண்ட கனவு பெரியது. அந்தக் கனவின் மேசையில் நம்மைப் போன்றவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை என்பதும் உண்மை.

முதல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சிம்மர்ன். பண்டைய கிரேக்கத்தின் பொதுவாழ்வைப் பற்றி 1911இல் எழுதிய நூலால் புகழ்பெற்றவர். போர்க்காலத்தில் வெளியுறவு அமைச்சகத்தில் இருந்து சங்கத்துக்கான யோசனைகளை வரைந்தவர்களில் ஒருவர். அன்றைய துறை என்றால் ஒரு பேராசிரியர், ஓர் உதவியாளர், சில மாணவர்கள், அவ்வளவுதான். சிம்மர்ன் இரண்டே ஆண்டு இருந்தார். அதே கல்லூரியின் பிரெஞ்சுப் பேராசிரியருடைய மனைவியாக இருந்தவரை மணந்துகொண்டதால், ஜெபக்கூடங்களின் ஊரான அபரிஸ்ட்வித்தில் அவரால் தொடர முடியவில்லை. பிறகு ஜெனீவாவில் கோடைக்காலப் பள்ளி நடத்தினார். 1930இல் ஆக்ஸ்போர்டில் இந்தப் பாடத்துக்கு முதல் இருக்கை வந்தபோது அதில் அமர்ந்தவரும் அவரே.

அடுத்து வந்த சார்ல்ஸ் வெப்ஸ்டர் பத்து ஆண்டு இருந்தார், 1922 முதல் 1932 வரை. என் கணிப்பில் துறைக்கு முதுகெலும்பு வைத்தவர் அவர்தான். வரலாற்றாசிரியர். நெப்போலியன் போர்களுக்குப் பின் ஐரோப்பாவை மறுபடி ஒழுங்குபடுத்திய வியன்னா மாநாட்டைப் பற்றி, 1919 பாரிஸ் மாநாட்டுக்குப் போகும் பிரிட்டிஷ் அதிகாரிகள் படித்துக்கொண்டு போகட்டும் என்று வெளியுறவு அமைச்சகமே அவரிடம் கேட்டு ஒரு நூல் எழுதி வாங்கியது. அபரிஸ்ட்வித்தில் இருந்த காலத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் காசில்ரேயின் கொள்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். உணர்ச்சிப் பேச்சை நம்பாமல், ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து, எந்தத் தூதர் எந்தத் தேதியில் யாருக்கு என்ன எழுதினார் என்று பார்ப்பவர். சர்வதேச அமைப்பு என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நிற்காது, அதற்கு விதி வேண்டும், குழு வேண்டும், செயலகம் வேண்டும், வல்லரசுகள் உள்ளே இருக்க வேண்டும் என்பதை வியன்னாவிலிருந்தே அவர் கற்றிருந்தார்.

அந்தப் படிப்பு வீணாகவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெளியுறவு அமைச்சகம் அவரை மறுபடி அழைத்தது. 1944இல் டம்பார்ட்டன் ஓக்ஸ், 1945இல் சான் பிரான்சிஸ்கோ என்று ஐ.நா. சாசனம் உருவான இரண்டு இடங்களிலும் பிரிட்டிஷ் அணியின் ஆலோசகராக அவர் இருந்தார். பாதுகாப்புச் சபையில் வல்லரசுகளுக்கு எவ்வளவு அதிகாரம், பொதுச்சபைக்கு எவ்வளவு என்ற பேரத்தில் வியன்னாவைப் படித்த மனிதரும் பங்கு வகித்தார். அதே சான் பிரான்சிஸ்கோவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஆர்க்காடு ராமசாமி முதலியார். 1945 ஜூன் 26ஆம் தேதி இந்தியாவுக்காகச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் அவரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார சமூகச் சபை கூடியபோது அதன் முதல் தலைவராக முதலியார் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக ஆளுகை என்று நாம் இன்று தனித்தாளாக நடத்துகிறோமே, அதில் வளர்ச்சி, சுகாதாரம், மனித உரிமை பற்றிய பகுதியெல்லாம் அந்தச் சபையின் வழியாகத்தான் வருகிறது. அதன் தொடக்கத்தில் வடாற்காட்டுப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்?

வெப்ஸ்டர் காலத்தில் வகுப்பறைக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1923இல் சர்வதேச சங்கத்தின் வேல்ஸ் ஆதரவாளர்கள் அபரிஸ்ட்வித்தில் மாநாடு கூடினார்கள். வில்சன் கனவு கண்ட சங்கத்தில் அமெரிக்காவே சேரவில்லை. அதனால் வேல்ஸ் பெண்கள் அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது என்று அங்கே முடிவாயிற்று. பெண்கள் வீடு வீடாக, பண்ணை பண்ணையாக நடந்தார்கள். 3,90,296 பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு சின்ன நாட்டில், டெலிபோன்கூடப் பரவாத காலத்தில் திரண்ட எண்ணிக்கை அது. கையெழுத்துத் தாள்களை அடுக்கி வைக்க ஓக் மரத்தில் ஒரு பெட்டி செய்தார்கள். 1924 தொடக்கத்தில் ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் தலைமையில் பெண்கள் குழு அந்தப் பெட்டியோடு கப்பலேறி, வெள்ளை மாளிகையில் அதிபர் கூலிட்ஜைச் சந்தித்தது. அமெரிக்கா கடைசிவரை சங்கத்தில் சேரவில்லை. பெட்டி நூறாண்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2023இல் அபரிஸ்ட்வித்துக்கே, மலைமேல் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. சர்வதேச அரசியலில் செயல்படுவோர் யார் என்று பாடப்புத்தகம் ஒரு பட்டியல் தரும்: அரசு, சர்வதேச அமைப்பு, பன்னாட்டு நிறுவனம். கையில் பேனாவோடு சேற்றில் நடந்து பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணை எந்த வரிசையில் வைப்பது என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு.

இனி அந்தச் சண்டைக்கு வரலாம்.

டேவிஸுக்கு இருக்கை மட்டும் போதவில்லை. சங்கம் கையில் ஆயுதம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை அவர் ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் கவலையோடு பார்த்தார். 1930இல் 'இருபதாம் நூற்றாண்டின் பிரச்சினை' என்ற தடித்த நூலை எழுதினார். உலகத்துக்கு ஒரு நீதிமன்றம், அதன் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு சர்வதேசக் காவல்படை, அந்தப் படையிடம் விமானங்கள் என்பது அவர் திட்டம். இதற்காகவே 1932இல் நியூ காமன்வெல்த் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். சர்ச்சில் அதன் பிரிட்டிஷ் கிளைக்குத் தலைவராக இருந்தார். டேவிஸ் கல்லூரியின் தலைவராகவும் 1926 முதல் இருந்தார். வெப்ஸ்டருக்குப் பின் வந்த அமெரிக்கர் ஜெரோம் கிரீன் 1934இல் திரும்பிப் போனதும் இருக்கை காலியானது. சர்வதேச சங்கத்தின் கொள்கையில் பற்றுள்ள ஒருவர்தான் அதில் அமர வேண்டும் என்று டேவிஸ் எதிர்பார்த்தார், அதற்கு ஓர் ஆளையும் மனதில் வைத்திருந்தார். இருக்கை இரண்டு ஆண்டு காலியாகவே கிடந்தது. 1936இல் கல்லூரி தேர்ந்தெடுத்தது ஈ.எச். காரை.

கார் இருபது ஆண்டு வெளியுறவு அமைச்சகத்தில் இருந்தவர். பாரிஸ் மாநாட்டைக் கண்ணால் கண்டவர். ரிகாவில் பணியாற்றியபோது ருஷ்ய இலக்கியத்தில் மூழ்கி, தாஸ்தாயெவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சங்கத்தின் மீதிருந்த நம்பிக்கை அவருக்குக் கரைந்து போயிருந்தது. அவரது தொடக்க உரையே, பொதுமக்கள் கருத்து சமாதானத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை உரசிப் பார்ப்பதாக அமைந்தது. டேவிஸ் வாழ்க்கை முழுவதும் நம்பியது அதைத்தான். டேவிஸ் கொதித்தார். நியமனத்தை எதிர்த்தார். போர்க்காலத்தில் கார் 'டைம்ஸ்' பத்திரிகையின் துணை ஆசிரியராகவும் இருந்து தலையங்கம் எழுதியபோது, இரண்டு வேலையும் ஒருவர் பார்ப்பது முறையா என்று கேட்டு அவரை நீக்க முயன்றார். கார் லண்டன் பக்கத்தில் குடியிருந்து ரயிலில் வந்து வகுப்பெடுத்தவர் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. கல்லூரி அசையவில்லை. பணம் கொடுத்தவர், கல்லூரியின் தலைவர், நாடாளுமன்றத்தில் பிரபு. அவர் விரும்பாத பேராசிரியர் 1947 வரை அந்த இருக்கையில் இருந்தார்.

அந்த இருக்கையிலிருந்து வந்ததுதான் 'இருபதாண்டு நெருக்கடி'. 1939இல், போர் மூண்ட மாதத்தில் வெளியான நூல். நாடுகளின் நலன்கள் அடிப்படையில் ஒத்துப்போகின்றன, போரை எல்லோரும் வெறுக்கிறார்கள், எனவே நியாயமான அமைப்பு ஒன்றைக் கட்டினால் போதும் என்ற எண்ணத்தைக் கார் பிரித்துப் பிரித்துக் காட்டினார். உள்ளவன் தன் நிம்மதிக்கு உலக சமாதானம் என்று பெயர் வைக்கிறான், அதைக் கலைக்க வருகிற இல்லாதவனைச் சமாதான விரோதி என்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். படைபலம், பொருளாதார பலம், கருத்தைத் தன் பக்கம் திருப்பும் பலம் என்று அதிகாரத்தை மூன்றாக வைத்துப் பேசினார். இலட்சியம் இல்லாத அரசியல் வறண்டது, அதிகாரத்தைக் காணாத இலட்சியம் குருடு என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். பாடப்புத்தகங்கள் பின்னால் அவருடைய முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை யதார்த்தவாதி என்று முத்திரை குத்திவிட்டன. அது அவருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். காலனி நாட்டில் இருந்து படிப்பவனுக்கு அந்த நூல் வேறு விதமாக ஒலிக்கும். நம் தாத்தாக்கள் காலத்தில் சட்டம் ஒழுங்கு என்ற பெயரில் வந்தது யாருடைய நலன் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கார் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். முதல் பதிப்பில் ஹிட்லரோடு செய்துகொண்ட மியூனிக் உடன்பாட்டை, பேச்சுவார்த்தையால் வந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம்போல எழுதியிருந்தார். 1946இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பகுதியை நீக்கினார். அதிகாரத்தைக் கண்டுபிடிக்கும் கூர்மையான கண், அதிகாரத்துக்கு முன் சற்று அதிகமாகவே பணிந்துவிட்ட இடம் அது. அதே மியூனிக்குக்கு இரண்டு மாதம் முடிவதற்குள், 1938 நவம்பர் 23ஆம் தேதி, டேவிஸ் செலவில் பெரும்பகுதியைத் தானே கொடுத்துக் கார்டிஃப் நகரில் கட்டிய சமாதான ஆலயம் திறக்கப்பட்டது. திறந்து வைக்க அரசரையோ அமைச்சரையோ அவர் அழைக்கவில்லை. டவுலைஸ் என்ற இரும்பாலை ஊரைச் சேர்ந்த மின்னி ஜேம்ஸ் என்ற தாய் வந்து திறந்தார். போரில் மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர். அவரைச் சுற்றி வேறு நாடுகளிலிருந்து வந்த, பிள்ளைகளை இழந்த தாய்மார்கள். ஓர் ஆண்டு முடிவதற்குள் மறுபடி போர். டேவிஸ் 1944 ஜூனில் இறந்தார். மூன்று மாதம் கழித்து அவருடைய மூத்த மகன் போர்முனையில் கொல்லப்பட்டான்.

நடந்ததை வைத்துப் பார்த்தால் கார் சொன்னதுதான் பலித்தது, டேவிஸ் ஏமாந்த கனவுக்காரர் என்று தோன்றும். பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. நான் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற யார் கையில் படை இருக்கும் என்று டேவிஸ் கேட்ட கேள்வியை 1945இல் சாசனம் எழுதியவர்களும் கேட்க வேண்டியிருந்தது. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பாதுகாப்புச் சபைக்குப் படை தருவது பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. அந்தப் படை இன்றுவரை அமையவில்லை, நீலத் தொப்பி அமைதிப்படைகள் அந்த இடத்தில் தற்காலிகமாக நிற்கின்றன. காரின் கேள்வியும் தீரவில்லை. வீட்டோ யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அது புரியும். இந்த இரண்டு கேள்விகளும் ஒரே இருக்கையைச் சுற்றி மோதியதுதான் துறைக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். கல்லூரி அன்று நன்கொடையாளருக்குப் பணிந்திருந்தால் அபரிஸ்ட்வித்துக்கு ஒரு பிரசார அலுவலகம் கிடைத்திருக்கும். பணியாததால் ஒரு துறை கிடைத்தது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1950இல் பி.ஏ. ரெனால்ட்ஸ் வந்து பாடத்திட்டத்தை ஒழுங்காக்கினார். அணு ஆயுதக் காலம் வந்ததும் துறை போர்த்தந்திரப் படிப்பின் பக்கம் திரும்பியது. ஜான் கார்னெட், ஜான் பெய்லிஸ், கென் பூத் முதலியோர் சேர்ந்து 1975இல் கொண்டுவந்த நூல் அந்தத் துறையில் பல நாடுகளில் படிக்கப்பட்டது. பனிப்போர் முடிந்ததும் அதே கென் பூத் திசையை மாற்றினார். பாதுகாப்பு என்றால் யாருக்குப் பாதுகாப்பு, அரசுக்கா, அதற்குள் பசியோடும் பயத்தோடும் வாழும் மனிதருக்கா என்று 1991இல் எழுதிய கட்டுரையில் கேட்டார். மனிதரை விடுவிப்பதே பாதுகாப்பு என்றார். அதிலிருந்து வளர்ந்த சிந்தனை அபரிஸ்ட்வித் மரபு என்றே இன்று அழைக்கப்படுகிறது. எல்லைக்கோட்டுக்கும் கடற்படைக்கும் நடுவே வாழும் நம் மீனவர்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

1997இல் பெய்லிஸும் ஸ்டீவ் ஸ்மித்தும் தொகுத்த 'உலக அரசியலின் உலகமயமாக்கம்' என்ற பாடநூல் அங்கிருந்தே வந்தது. சென்னையிலும் டெல்லியிலும் கொழும்பிலும் அது மாணவர் கைகளில் பதிப்பு பதிப்பாகப் புரண்டிருக்கிறது, நகலெடுக்கும் கடைகளில் அட்டை கிழிந்து கிடப்பதை நாமே பார்த்திருக்கிறோம். தலையணை அளவு புத்தகம் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். ஆனாலும் சர்வதேச சட்டம், ஐ.நா., வட்டார அமைப்புகள், சுற்றுச்சூழல், மனித உரிமை என்று உலக ஆளுகையின் எல்லா வாசல்களையும் ஒரே இடத்தில் திறந்துவைத்த நூல் அது.

அந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சர்வதேச அரசியலை வெல்ஷ் மொழியிலும் அங்கே படிக்கலாம். ஆங்கிலத்தின் வாசலிலேயே வாழும் ஒரு சின்ன மொழி, அணு ஆயுதப் பரவல் தடையையும் பாதுகாப்புச் சபையையும் தன் சொற்களில் பேசுகிறது. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில் நாம் இதற்கு எத்தனை நல்ல பாடநூல் எழுதியிருக்கிறோம் என்று கேட்டால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது. இன்னொன்று, நெருக்கடி விளையாட்டு. கிரெகினோக் என்ற மாளிகையில் மாணவர்கள் தங்கி, நாடுகளாகவும் அமைப்புகளாகவும் பிரிந்து, கற்பனையான ஒரு நெருக்கடியை ஆடித் தீர்க்கிறார்கள். செய்தி ஒன்று வந்து விழும், கூட்டணி மாறும், நேற்று கை குலுக்கியவர் இன்று கதவைச் சாத்துவார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட ஒரு நாட்டின் பெயரை மார்பில் குத்திக்கொண்டால் பேசத் தொடங்கிவிடும். அந்த மாளிகை டேவிஸின் தங்கைகள் வாழ்ந்த வீடு. மோனே, ரென்வார், செசான் ஓவியங்களை வாங்கிச் சேர்த்து பிறகு நாட்டுக்கே எழுதிவைத்த அந்தச் சகோதரிகள், சங்கத்தைப் பற்றிய மாநாடுகளையும் அங்கேதான் நடத்தினார்கள்.

2019இல் துறைக்கு நூறாண்டு நிறைந்தது. அமிதாவ் ஆச்சார்யாவும் பேரி பூஸானும் அந்த ஆண்டு வெளியிட்ட நூல், இந்தப் பாடத்தின் பிறப்பை அபரிஸ்ட்வித்தோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது என்றது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பேரரசுகளை எதிர்த்தவர்கள் சிந்தித்ததும் சர்வதேச அரசியல்தான் என்று அவர்கள் காட்டினார்கள். இந்த வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 1947இல் டெல்லி புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்திய இந்திய உலக விவகாரக் கவுன்சிலின் செயலாளர் ஏ. அப்பாதுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்துவிட்டு டெல்லிக்குப் போனவர். இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார நிலை பற்றி அவர் எழுதிய நூலை வரலாற்று மாணவர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். 1955இல் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி சாப்ரு ஹவுஸில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. 1970இல் அந்தப் பள்ளி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், ஐ.நா.வில் நம் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி. நம் நாட்டில் இந்தப் பாடம் வேரூன்றிய கதையில் சென்னையின் பங்கு இவ்வளவு இருந்தும், அதைத் தமிழில் முழுமையாக எழுத இன்னும் ஒருவர் வர வேண்டும்.

அபரிஸ்ட்வித்தில் இன்று கார் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை இருக்கிறது, ஆண்டுதோறும் கார் நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது. டேவிஸ் பெயரில் லண்டனில் தொடங்கிய சர்வதேச ஆய்வு நிறுவனமும் 2002இல் இதே துறைக்கு இடம் பெயர்ந்தது. கார் இருக்கையில் அமர்ந்த கென் பூத், டேவிஸ் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். நம் துறை நூலகத்தில் காரின் நூல் பல பிரதிகள் இருக்கின்றன. டேவிஸின் நூல் ஒன்றுகூட இல்லை. மலர் வெளியாகும் இந்த ஆண்டிலேயே அதை வரவழைத்து, முதுகலை இரண்டாம் பருவத்தில் இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்துப் படிக்கலாம் என்று பாடத்திட்டக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.